ஆளுக்கொரு சொல்

விற்பவன் ஒருவன், விற்கும் பண்டமும் ஒன்று. வாயில்கள் மட்டும் நான்கு. மருத்துவர் வீட்டு வாயிலில் நின்று, "ஆய்வுகள் காட்டுகின்றன" என்று தொடங்குகிறான். வழக்குரைஞர் இல்லத்திலே, "பொறுப்பு உங்களைச் சாராது" என்று உறுதி கூறுகிறான். பொறியாளரிடம், "பழுது குறைவு" என்கிறான். கணக்காயரிடம், "மூன்றே ஆண்டில் போட்ட முதல் திரும்பும்" என்கிறான். நால்வரும் தலையசைக்கின்றனர். நால்வரும் வாங்குகின்றனர். "இவனல்லவோ நம் மொழி அறிந்தவன்!" என்று நால்வரும் மகிழ்கின்றனர். ஆனால் நால்வரும் ஒருநாள் ஒரே திண்ணையில் கூடி, தாம் தாம் கேட்டதை ஒருவர்க்கொருவர் சொல்லிப் பார்த்தால்? அந்த மகிழ்ச்சி நிலைக்குமா?

இப்படிப்பட்ட வணிகன் இன்று முளைத்தவனல்லன். சந்தை தோன்றிய நாளிலேயே தோன்றியவன். இன்று நேர்ந்துள்ள புதுமை வேறு. அவனுடைய நாவை இப்போது பொறி ஏற்றுக்கொண்டிருக்கிறது. எந்தத் தொழிலோருக்கு எந்தச் சொல் இனிக்கும், எந்தச் சொல் கசக்கும் என்று கணக்கிட்டு, கடிதத்தையும் விளம்பரத்தையும் அறிக்கையையும் ஆளுக்கேற்ப வடித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றின் விரைவைக் கண்டு வியப்பவர் பலர். விலையைக் கேட்டு மயங்குபவர் சிலர். நாம் கேட்க விரும்புவது வேறொன்று. சொல் என்பது உண்மையைக் காட்டும் விளக்கா, ஆளைப் பிடிக்கும் தூண்டிலா? இந்தக் கேள்வி பொறியைப் பற்றியதன்று, மனிதனைப் பற்றியது.

முதலில், அந்தப் பொறி என்ன செய்கிறது என்பதை அறிவோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2014-இல் டெக்ஸ்டியோ என்ற நிறுவனம் தோன்றிற்று. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களை ஏராளமாகத் திரட்டி, எந்தச் சொற்கள் அமைந்த விளம்பரத்துக்கு யார் யார் விண்ணப்பித்தனர், இடம் எவ்வளவு விரைவில் நிரம்பிற்று என்று கணக்கெடுத்து, புதிதாக எழுதப்படும் விளம்பரத்துக்கு மதிப்பெண் போடும் மென்பொருளை அது உருவாக்கிற்று. 2012-இல் தோன்றிய பெர்சாடோ என்ற நிறுவனமோ, வாங்குவோருக்கு அனுப்பும் வணிக மடல்களை இவ்வாறே வடித்துக் கொடுத்தது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் இந்தக் கலை எல்லோர் கைக்கும் எட்டிவிட்டது. "இதே மடலை மருத்துவர் மனம் கொள்ளும்படி எழுது; இதையே வழக்குரைஞர் ஏற்கும்படி மாற்று" என்று கேட்டால், இமைப்பொழுதில் எழுதித் தருகிறது பொறி.

இதில் ஒரு செய்தியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2019-இல் ஜேபி மார்கன் சேஸ் என்ற பெருவங்கி, தன் விளம்பரங்களை எழுத பெர்சாடோவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. சொந்த வீட்டின் மதிப்பை ஈடாக வைத்துக் கடன் பெறலாம் என்பது ஒரு விளம்பரத்தின் பொருள். மனிதர் எழுதியது, வீட்டின் மதிப்பிலிருந்து பணம் பெறுங்கள் என்ற எளிய வாசகம். பொறி எழுதியதோ, அதன் முன்னே "இது உண்மை" என்று ஒரு தொடரைச் சேர்த்து, பணத்தின் பூட்டைத் திறக்கலாம் என்று முடித்த வாசகம். பொறியின் வாசகமே மிகுதியான மக்களை ஈர்த்தது.

எண்ணிப் பாருங்கள். "இது உண்மை" என்ற சொல்லைப் பொறி ஏன் சேர்த்தது? கடனின் நிறைகுறைகளை ஆராய்ந்து, உண்மை என்று தேர்ந்து சேர்த்ததா? இல்லை. அந்தச் சொல்லைக் கண்டால் விரல் அழுத்துவோர் தொகை கூடும் என்ற கணக்கால் சேர்த்தது. "இது பொய்" என்று எழுதினால் தொகை கூடும் என்று கணக்கு காட்டியிருந்தால், அதையும் தயங்காது எழுதியிருக்கும். வாய்மையின் பெயரே வாணிபத்தின் வண்ணக் காகிதமாகிவிட்டது! அந்த விளம்பரம் பொய் சொல்லிற்று என்று நாம் கூறவில்லை. வீட்டை ஈடு வைத்தால் கடன் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உண்மையான சொல்லும்கூட உண்மைக்காகச் சொல்லப்படாத ஒரு காலம் வந்திருக்கிறது என்பதே நாம் சுட்டிக்காட்டுவது.

"அவையறிந்து பேசுவது குற்றமா?" என்று கேட்பர் சிலர். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. திருக்குறளிலே எழுபத்திரண்டாம் அதிகாரம் 'அவையறிதல்'. கேட்போர் தகுதியை அறியாமல் பேசுவோன் சொல்வன்மை உடையவன் ஆகான் என்பதே தமிழ் மரபு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் தம் பேச்சுக்கலை நூலில், இளைஞர் மனம் எத்தகையது, முதியோர் மனம் எத்தகையது, செல்வர் மனம் எத்தகையது என்று வகுத்து ஆராய்ந்தார். அவர்கள் செய்ததைத்தானே பொறியும் செய்கிறது?

இல்லை என்கிறோம். ஒரு மருத்துவர், நோய் ஒன்றைத் தம் மாணவருக்கு ஒரு வகையாக விளக்குகிறார். நோயுற்ற குழந்தையின் தாய்க்கு வேறு வகையாக விளக்குகிறார். தாய்க்குச் சொன்னதை மாணவர் கேட்டால், "எளிமையாகச் சொன்னார்" என்பாரே தவிர, "மறைத்துச் சொன்னார்" என்று கூறார். இங்கே மாறியது சொல், மாறாதது பொருள். கேட்பவர் பொருளைக் காணவேண்டும் என்பதற்காகவே சொல் மாறிற்று. இது புரிய வைத்தல். தூண்டில்காரனும் சொல்லை மாற்றுகிறான். ஆனால் கேட்பவர் பொருளை ஆராயாமலே தலையசைக்க வேண்டும் என்பதற்காக மாற்றுகிறான். இது இணங்க வைத்தல். புரிய வைப்பவன், கேட்பவர் மறுத்தாலும் தன் வேலை முடிந்தது என்று அமைவான். இணங்க வைப்பவனுக்கு மறுப்பு என்பது தோல்வி; உடனே அடுத்த சொல்லைத் தேடுவான். அவையறிதலை எழுதிய வள்ளுவரே வாய்மை என்ற அதிகாரத்தையும் எழுதினார் என்பதை மறப்போர், நூலின் ஒரு பாதியைக் கிழித்தெறிந்தவராவர்.

இந்த வேற்றுமையைப் பல நூற்றாண்டுகட்கு முன்பே ஏதென்சு நகரத்தில் வாதித்தனர். பிளேட்டோ எழுதிய 'கோர்கியாஸ்' என்ற உரையாடலிலே, பேச்சுக்கலை வல்ல கோர்கியாஸ் பெருமையோடு ஒன்று கூறுகிறார். அவருடைய உடன்பிறந்தார் ஒரு மருத்துவர். மருந்துண்ண மறுத்த நோயாளிகளை அந்த மருத்துவரால் இணங்க வைக்க முடியவில்லை. தம் பேச்சால் தாமே இணங்க வைத்ததாகக் கூறுகிறார் கோர்கியாஸ். நோயாளி மருந்துண்டான், இதில் என்ன கேடு என்று நமக்கும் தோன்றும். சாக்ரட்டீஸ் விடவில்லை. மருத்துவம் நன்மை எது என்று அறிந்து, ஏன் என்பதற்குக் காரணமும் காட்டும். சமையற்கலையோ நாவுக்கு இனிப்பது எது என்பதைப் பழக்கத்தால் மட்டும் தெரிந்துகொள்ளும். பேச்சுக்கலை அந்தச் சமையற்கலையைப் போன்றது என்று வாதித்தார்.

இன்றைய பொறி அந்தச் சமையற்காரனின் பேரன். இனிப்பது எது என்று அதற்குத் தெரியும். நல்லது எது என்று தெரியாது. கோர்கியாஸ் கதையில் நோயாளி நலம் பெற்றிருந்தால், பேச்சின் பின்னே உண்மையான மருத்துவர் ஒருவர் நின்றதே காரணம். ஆகவே நாம் கேட்கவேண்டியது இது: இன்று இந்தப் பொறியின் பின்னே நிற்கும் உடன்பிறப்பு யார்? மருத்துவரா, மருந்து விற்பவனா?

இதற்கு விடை கூறும் வழக்குகள் இரண்டு உண்டு. இரண்டும் அமெரிக்காவின் வெர்மாண்ட் என்ற சிறு மாநிலத்தைச் சார்ந்தவை.

மருத்துவர் ஒவ்வொருவரும் எந்த மருந்தை எவ்வளவு எழுதித் தருகிறார் என்ற விவரம் மருந்துக்கடைகளில் பதிவாகிறது. அந்த விவரத்தை வாங்கித் தொகுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அங்கு உண்டு. மருத்துவரைக் காணவரும் மருந்து நிறுவன முகவர், அவருடைய வழக்கம் அனைத்தையும் முன்பே அறிந்து, அவருக்கென்றே வடித்த பேச்சோடு வருகிறார். மருத்துவரின் இசைவில்லாமல் இந்த விவரத்தை விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வெர்மாண்ட் 2007-இல் சட்டம் செய்தது. நிறுவனங்கள் வழக்காடின. 2011-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக நின்று, அந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு மாறானது என்று தள்ளிவிட்டது. பேச்சுரிமையை நாம் போற்றுகிறோம். ஆனால் பேசுவோன் கேட்பவரைப் பற்றி அனைத்தும் அறிந்திருக்க, தாம் அறியப்பட்டிருப்பதையே அறியாமல் கேட்பவர் அமர்ந்திருந்தால், அது உரையாடலா, வேட்டையா?

அடுத்த வழக்கு இன்னும் கொடியது. பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற நிறுவனம், மருத்துவர்கள் நோயாளிகளின் குறிப்பைப் பதியும் மென்பொருளை நடத்திற்று. நோயாளியின் வலியைக் கவனிக்குமாறு மருத்துவருக்கு நினைவூட்டும் குறிப்பொன்று அதன் திரையில் தோன்றும்; மருத்துவ மொழியில், மருத்துவ அறிவுரையின் தோற்றத்தில் தோன்றும். அபினி வகை வலிமருந்து விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றிடம் ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் கையூட்டு பெற்று, விற்பனை பெருகும் வகையில் அந்தக் குறிப்பு அமைக்கப்பட்டது. அதன் ஆக்கத்தில் மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரிவினருக்கும் பங்கு இருந்தது. 2016 முதல் 2019 வரை அது மருத்துவர் கண்முன் மின்னிக்கொண்டிருந்தது. 2020 சனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 14 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது அந்த நிறுவனம்.

அபினி வகைப் பொருள்கள் அந்நாட்டில் செய்த அழிவு சிறிதன்று. மருத்துவர் எழுதித் தந்தவை, களவாய்க் கிடைத்தவை இரண்டையும் சேர்த்து, 1999 முதல் 2019 வரை ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அவற்றை அளவுமீறி உட்கொண்டதால் மாண்டனர். அத்தகைய நாட்டிலே, அத்தகைய நாளிலே, வலியால் துடிக்கும் நோயாளிக்கும் அவனை நோக்கும் மருத்துவருக்கும் இடையே, விலைக்கு வாங்கப்பட்ட ஒரு சொல் வெள்ளை அங்கி அணிந்து வந்து நின்றது. நோயாளி மருத்துவரை நம்பினான். மருத்துவர் திரையை நம்பினார். திரையோ பணம் தந்தவன் சொன்னதைச் சொல்லிற்று.

"படித்தவர் ஏமாறலாமா?" என்று கேட்கத் தோன்றும். படித்தவரே எளிதில் ஏமாறுவது இங்குதான். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மொழி உண்டு. ஆண்டுக்கணக்கில் பயின்றவர்க்கே அது கைவரும். ஆகவே அந்த மொழியில் பேசுவோனைக் கண்டால், "இவன் நம்மவன், நாம் கற்றதைக் கற்றவன், நாம் ஏற்ற பொறுப்பை ஏற்றவன்" என்று மனம் தானே கதவைத் திறந்துவிடுகிறது. தொழிற்சொல் என்பது நம்பிக்கையின் முத்திரை. அந்த முத்திரையைக் கற்காமலே, பொறுப்பேற்காமலே குத்திக்கொள்ள ஒரு கருவி கிடைத்தால், கள்ள நாணயத்துக்கும் நல்ல நாணயத்துக்கும் வேற்றுமை எங்கே? முரட்டு விளம்பரத்தைக் கண்டு முகம் சுளிக்கும் பேராசிரியர், அடிக்குறிப்போடு வரும் விளம்பரத்தை மடியில் வைத்துப் படிக்கிறார்!

இத்தனையும் கூறிய நாம், மறுபக்கத்தை மறைத்தால் நாமும் தூண்டில்காரரே ஆவோம். இந்தக் கலையால் விளைந்த நன்மையும் உண்டு. 2011-இல் கௌச்சர், ஃப்ரீசன், கே என்ற ஆய்வாளர் மூவர், வேலை விளம்பரங்களின் சொற்களை ஆராய்ந்தனர். ஆண்கள் மிகுந்த தொழில்களின் விளம்பரங்களில் போட்டி, ஆதிக்கம், தலைமை போன்ற சொற்கள் மிகுந்திருக்கக் கண்டனர். அத்தகைய விளம்பரத்தைப் படித்த பெண்கள் அந்த வேலையை விரும்பாமல் விலகினர். திறமை இல்லை என்ற எண்ணத்தாலன்று. "அது நமக்கான இடமன்று" என்ற உணர்வால் விலகினர். எழுதியவர் வேண்டுமென்றே விரட்டவில்லை. சொல்லே வாயிற்காவலனாக நின்று, ஓசையின்றி விரட்டிற்று. கண்ணுக்குத் தெரியாத அந்த வேலியைப் பொறி காட்டிக்கொடுக்குமானால், நாம் அதற்கு நன்றி சொல்வோம்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கை உண்டு. விளம்பரத்தில் "போட்டி" என்பதை அடித்துவிட்டு "ஒத்துழைப்பு" என்று எழுதுவது எளிது. உள்ளே அதே ஆதிக்கமும் அதே ஏளனமும் இருக்குமானால், அந்த நல்ல சொல் செய்த வேலை என்ன? வேலி இருப்பதை மறைத்து உள்ளே அழைத்த வேலை! சொல்லை மாற்றுமுன் நிலையை மாற்று. அல்லது இரண்டையும் உடன் மாற்று. சுவர் இடியும் வீட்டுக்கு வாயிலில் மட்டும் தோரணம் கட்டாதே.

மற்றோர் எச்சரிக்கை: பொறி கற்பது நேற்றைய கணக்கிலிருந்து. அமேசான் நிறுவனம் வேலை கோருவோரின் தகுதிக் குறிப்புகளைத் தரம் பிரிக்க ஒரு பொறியைச் செய்து பார்த்ததாக 2018-இல் ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. பத்தாண்டுக் குறிப்புகளைக் கொடுத்துப் பழக்கினர். அவற்றை எழுதியோரில் பெரும்பாலோர் ஆண்கள். ஆதலால் "பெண்கள்" என்ற சொல் வந்த குறிப்புகளுக்குப் பொறி மதிப்பைக் குறைத்தது. ஆண் பொறியாளர் மிகுதியாய் வழங்கும் வினைச்சொற்களுக்கு மதிப்பை ஏற்றியது. அந்த முயற்சியையே நிறுவனம் கைவிட நேர்ந்தது. நேற்று எது வென்றது என்று மட்டும் அறிந்த பொறி, நாளை எது வெல்லவேண்டும் என்று கூற இயலாது. அதைக் கூற வேண்டியவன் மனிதன்.

நன்மையும் தீமையும் ஒரே கருவியில் பிறக்குமானால், பிரித்தறிய உரைகல் வேண்டாவா? வேண்டும். செருமானிய அறிஞர் காண்ட் 1795-இல் எழுதிய 'நிலைத்த அமைதி' என்ற கட்டுரையில் ஒரு விதி வகுத்தார். பிறர் உரிமையைத் தொடும் செயலின் நோக்கத்தை வெளிப்படையாய் அறிவித்தால் அது நிறைவேறாது போகுமானால், அந்தச் செயல் நேர்மையற்றது என்பது அந்த விதியின் சாரம். அவர் அரசியலுக்குக் கூறியதை நாம் சொல்லுக்கும் கூறலாம். மருத்துவருக்கும் வழக்குரைஞருக்கும் பொறியாளருக்கும் கணக்காயருக்கும் அனுப்பிய மடல்கள் நான்கையும் ஒரே மேசையில் பரப்புக. நால்வரும் நான்கையும் படிக்கட்டும். "இவருக்கு இவர் அறிந்த மொழியில் சொன்னார்" என்று நால்வரும் கூறினால், அது அவையறிதல். "எனக்கு ஏன் இதைச் சொல்லவில்லை?" என்று ஒருவர் கேட்டாலும், அது ஏய்ப்பு. தாயும் மாணவரும் கேட்ட மருத்துவரின் மொழி இந்தச் சோதனையில் தேறும். கையூட்டுப் பெற்ற திரைக்குறிப்பு தேறாது. "இதை எழுத இன்னார் பணம் தந்தார்" என்று அதன் கீழே ஒரு வரி இருந்திருந்தால், எந்த மருத்துவர் அதை அறிவுரை என்று கொண்டிருப்பார்?

"எழுதியது பொறி, என்மீது குற்றமில்லை" என்று ஒதுங்குவோரும் உண்டு. பொறி கையூட்டு வாங்கவில்லை; மனிதர் வாங்கினர். பொறி விற்பனையை விரும்பவில்லை, மனிதர் விரும்பினர். தாயற்ற சொல் உலகில் இல்லை. எவன் பெயரால் ஒரு சொல் வெளிச்செல்கிறதோ, அவனே அதற்குத் தாய். தன் பிள்ளை செய்த தீங்குக்கு அண்டை வீட்டைச் சுட்டிக் காட்டும் தாயை ஊர் ஏற்குமா?

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதுவே நம் நெஞ்சை உறுத்துவது. வழக்குமன்றத்தின் மொழி அறியாத ஏழை ஒருவன், தன் குறையை எடுத்துரைக்கப் பொறியின் துணையை நாடுகிறான். முதன்முதலாகக் கல்லூரி கண்ட குடும்பத்துப் பெண், மேட்டுக்குடியார் மட்டுமே அறிந்த நடையில் விண்ணப்பம் எழுத அதன் துணையை நாடுகிறாள். அவர்களையும் தூண்டில்காரர் என்போமா? மாட்டோம்! அவர்கள் ஏய்க்கவில்லை, ஏறமுடியாத மதிலுக்கு ஏணி தேடுகிறார்கள். அவர்களைக் குறைகூறுமுன், மதில் எழுப்பியவரைக் கேட்கவேண்டும்: எளிய சொல்லில் கூறினால் செவிகொடுக்காத அளவுக்கு உம் மொழி ஏன் இறுகிற்று? அமெரிக்க நாடு 2010-இல் தெளிவாக எழுதும் சட்டம் ஒன்றை இயற்றி, மைய அரசு அலுவலகங்கள் பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டது. ஏணி நல்லதே, ஆனால் மதில் தாழ்வது அதைவிட நல்லது. தொழிலோர் தம் மொழியை மக்கள் பக்கம் சிறிது இறக்கிவைத்தால், அந்த மொழியைக் கள்ளமாய்ப் பூசிக்கொள்வோரின் வாணிபமும் பாதி படுத்துவிடும்.

ஆகவே பொறியை உடைக்கச் சொல்லவில்லை நாம். அதைக் கொண்டு எழுதுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரு கேள்வியைத்தான் முன்வைக்கிறோம்: "இந்தச் சொல்லை நான் தேர்ந்தது, அவர் காண்பதற்கா, காணாதிருப்பதற்கா?" படிப்போருக்கும் ஒரு கடமை உண்டு. தம் தொழிலின் மொழியில், தம் மனத்துக்கு இதமாய், தமக்கென்றே தைத்த சட்டைபோல் ஒரு மடல் வந்தால், மகிழுமுன் சற்றே நிற்கவேண்டும். அளவெடுத்தவன் யார், எப்போது எடுத்தான், எதற்காக எடுத்தான் என்று கேட்கவேண்டும். கேட்பது அவமதிப்பன்று, அறிவுடையோர் சொல்லுக்குச் செய்யும் மரியாதை.

மனிதன் மனிதனோடு பேசுவது, இருவரும் சேர்ந்து ஒன்றைக் காண்பதற்காக. ஒருவன் காண, மற்றவன் காணாமல் இணங்குவதற்குப் பேச்சென்று பெயரில்லை. நாக்கு மாறலாம், நடை மாறலாம், ஆளுக்கொரு சொல்லும் அமையலாம். ஆளுக்கொரு வாய்மை மட்டும் இருக்கக் கூடாது!